உள்ளே யாருமில்லை

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆவுளியா.
காரங்காட்டுப் படகுத்துறையில்
காலை பத்திலிருந்து ஒன்றுவரை.
கூலி அறுநூறு, மோர் தனி.

வரைந்தவள் ருமைஸா, கீழக்கரைக்காரி.
ஜப்பானில் ஊருக்கு ஊர் பொம்மை உண்டாம்.
பூசணி விளைகிற ஊருக்கு ஒன்று,
ரயிலடிக்கு ஒன்று,
வரி கட்டச் சொல்லிக் கையாட்டுவதற்கும் ஒன்று.
சாமி இல்லை, நட்சத்திரம் இல்லை,
ஊருக்காகக் கொஞ்சம் அசடாய் நிற்குமாம்,
அவ்வளவுதான் வேலை.

கைப்பேசியில் காட்டினாள்.
கண் இரண்டையும் கீழே இறக்கி
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் தள்ளி வைத்து
நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை, அது வாய்.
"இனிமே இத அடிக்க ஆருக்கும் மனசு வராதுண்ணே."
கட்டுகிற வீட்டில் நாங்கள் தொங்கவிடும் பொம்மைக்கோ
விழி பிதுங்கும், நாக்கு நெஞ்சுவரை வரும்.
பயங்காட்டியே பழகிவிட்டோம்.

பேருக்குப் பின்னால் 'சான்' என்று போட்டிருந்தாள், மரியாதைக்காம்.
சங்கச் செயலாளர் சூசைமாணிக்கம்
கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டு
"ஆவுளியா எத்தன சாண்?" என்றார்.
"எட்டு. அதுல அஞ்சு தலை" என்றாள்
சிரிக்காமல்.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதை
அந்த ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போல.

மதுரையில் தைத்து வந்தது. நுரைமெத்தை, சாம்பல் வெல்வெட்.
முதல் வாரம் வால் தடுக்கிச் சேற்றில் விழுந்தேன்.
கைதட்டினார்கள்.
பதினொன்றே காலுக்கு விழவேண்டும் என்று
அதையும் எழுதிச் சேர்த்துவிட்டாள்.

பேசக் கூடாது.
வெளியில் நிற்கும்வரை தலையைக் கழற்றக் கூடாது.
உள்ளே யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லையாம்.
கேட்டாலும் பதில் ஒன்றுதான்:
உள்ளே யாருமில்லை.

இருக்கிறான்.
ஐம்பத்திரண்டு வயது, பெயர் இன்னாசி.
பதினெட்டில் ஒரு கல்யாண வீட்டில் இதைத் தின்றவன்,
மறுசோறு கேட்டு வாங்கி.
அப்புறம் ஒரு மாசியில்
வலையைத் தூக்கினால் குட்டி.
காயம் இல்லை. மூச்சு முட்டியிருந்தது.
மேலே வந்து காற்றுக் குடிக்கிற பிராணி அது என்று
அன்றைக்குத் தெரியாது எனக்கு
என்று வனத்துறைக் கூட்டத்தில் சொன்னேன்.
தெரியும்.

படத்தில் பருக்கையாயிருந்த வாய்
தைத்து வந்தபோது உள்ளங்கை அகலம்.
அது வழியாகத்தான் நான் பார்க்கவேண்டும்.
"மறைக்க ஏதாச்சும் வலைத்துணி இருக்காண்ணே?"
இருந்தது. வெட்டிக் கொடுத்தேன்.
எந்த வலை என்று அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டரை வெயில்.
விட்ட மூச்சு நுரைக்குள் சுற்றி
சூடாக எனக்கே திரும்பி வருகிறது.
கண்ணி கண்ணியாக அலையாத்திக் காடு,
கண்ணி கண்ணியாகக் கடல்,
ஐஸ் வண்டி, பரமக்குடியிலிருந்து வந்த வேன்,
கண்ணிக்கு ஒரு துண்டாய் ஒரு சின்னப் பிள்ளை
கிட்டத்தில் வந்து நிற்கிறது.

"உள்ள ஆருப்பா?"
"ஆருமில்லடா. அது நெசம்."
பிள்ளை என் துடுப்பைப் பிடித்து இழுத்தது,
பருக்கை வாயில் வாய் வைத்து
ரகசியமாய்க் கேட்டது:
"மூச்சு விடுறியா நீ?"

தலையாட்டினேன்.
ஐந்து சாண் தலை.
ஆட்டினால் ஆளே ஆடும்.

ஒன்றாக இன்னும் இருபது நிமிடம்.
டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் போய்
தலையைக் கழற்றி
ஒரே ஒரு வாய் காற்று. திரும்ப மாட்டிக்கொண்டேன்.

ருமைஸா பார்த்துவிட்டாள்.
மோரைத் திட்டில் வைத்துவிட்டு
அங்கே யாருமே இல்லாததுபோல்
நடந்து போனாள்.